கடல் நாள், கரை நாள்: நேரத்தைப் பங்கு பிரிப்பது எப்படி?

தென்கடல்:
அனுபவம் எழுதச் சொன்னால் பாதிப் பேர் சாட்சியம் சொல்லப் போய்விடுகிறோம். இந்தத் தடவை சொந்தக் கதை வேண்டாம். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் கடல் தொழிலில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்துக்கு நேரம் எங்கே ஒழுகுகிறது, அதை எப்படி அடைப்பது என்று செய்முறையாகவே போடுங்கள். காலத்தை வீணாக்காமல் பயன்படுத்தச் சொல்லும் எபேசியர் 5:16 எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் மறையுரையும் வேண்டாம்.

வடகடல் விசைப்படகு:
முதல் ஒழுக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான். நம்ம பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்கிப் போன படகு ஞாயிறு விடியத்தான் கரை பிடிக்கும். அப்புறம் மீன் இறக்கி, ரகம் பிரித்து, ஏலம் விட்டு, டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு போட வேண்டும். காலைப் பூசை அதோடு போச்சு. சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டாலே ஞாயிறு கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஆள் நடுக்கடலில் நிற்பான். மிஞ்சுவது ஞாயிறு மாலைப் பூசை ஒன்றுதான். உங்கள் பங்குக் கோவிலில் அது இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பேசி, எத்தனை படகு, எத்தனை ஆள் என்று கணக்கோடு பங்குத்தந்தையிடம் கேளுங்கள். "தொழில்காரங்களுக்கு வசதியில்லை சாமி" என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது.

மாலைப் பூசையும் ஏன் தவறுகிறது? சோம்பல் என்று சொல்வது அநியாயம். ராத்திரி முழுக்க முழித்தவன் 12 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுச் சாய்ந்தால் எழும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அதனால் கணக்கைக் காலை 10 மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு வேலை சனிக்கிழமையே ஆரம்பிக்கிறது. டீசல், ஐஸ், சாமான், முன்பணம் நாலையும் படகு கிளம்புமுன் நோட்டில் எழுதி டிரைவரும் ஓனரும் பார்த்துவிட்டால், ஞாயிறு விற்ற காசில் கழிப்பது மட்டும்தான் பாக்கி. எழுதாமல் போனால் "ஐஸ் எத்தனை பெட்டி?" என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் சண்டை ஓடும். 10 மணிக்குக் குளியல், கஞ்சி, 11-க்குப் படுக்கை, 3:30-க்கு அலாரம். பங்குக் காசைப் படுக்குமுன் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். காசு மடியில் இருந்தால் கால் கடைத்தெருப் பக்கம்தான் போகும்.

மேஸ்திரி:
மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி நான் போடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். "இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு" என்று எல்லாருமே நினைப்பதுதான் வினை. தச்சரும் என்ஜின் மெக்கானிக்கும் கையளவுதான் இருக்கிறார்கள். மே கடைசியில் மொத்தத் துறைமுகமும் அவர்களைத் தேடும்.

வேலையை வரிசையாக வையுங்கள். முதல் வாரத்திலேயே படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும் ஈரம் காயுமுன் சுரண்ட வேண்டும். காய்ந்தால் இரும்பாக ஒட்டிக்கொண்டு இரட்டை வேலை வாங்கும். பிறகு மரம் நன்றாக உலரட்டும். பலகை மாற்றுவதும், இடுக்கில் நீர் புகாமல் கலப்பத்து அடைப்பதும் அதற்கப்புறம், பெயின்ட் கடைசி. ஈரப் பலகையில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும். மீன்வளத் துறை படகு ஆய்வும் தடைக்காலத்திலேயே வரும். பதிவுச் சான்று, உரிமம் எல்லாம் தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே பாருங்கள்.

நிவாரணம் 8,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்தார்கள், அதற்கு முன் 5,000. 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 131 ரூபாய் வரும். அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. அதனால்தான் ஆட்கள் கேரளா போகிறார்கள். அங்கே விசைப்படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் ஆரம்பம், ஏறக்குறைய எட்டு வாரம் வேலை கிடைக்கும். போகிறவர் வீட்டோடு செபிக்க ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி 8:30, பத்து நிமிஷம், செபமாலையில் பத்து மணிகள் மட்டும் உருட்டினால் போதும். வீடியோ கால் வேண்டாம். முகத்தைப் பார்த்தால் பேச்சு வளர்ந்து செபம் மறந்துபோகும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த 61 நாளுக்கு ஒட்டிவருவது திருப்பாடல்கள். மொத்தம் 150. நாளுக்கு 5 வீதம் 30 நாளில் ஒரு சுற்று, 60 நாளில் இரண்டு சுற்று. 119-ஆம் பாடல் மட்டும் 176 வசனம். அதை வரிசையில் வைத்தால் அன்றோடு பழக்கம் அறுந்துவிடும், அதை எடுத்து மிஞ்சுகிற 61-ஆம் நாளில் போடுங்கள். சத்தமாக வாசிக்க ஒரு நாளுக்குக் கால் மணி நேரம்தான் ஆகும்.

பாசிக்கரை:
ஆம்பளைங்க கணக்கு மட்டும் போதுமா அண்ணே? கடல்பாசி எடுக்கிற பெண்களுக்குக் கடிகாரம் உதவாது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது. நீர் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். திங்கள் 6 மணிக்கு வற்றினால் வெள்ளிக்கு 9 மணி தாண்டிவிடும். "காலை 6 மணிக்குக் குடும்ப செபம்" என்று ஆணி அடித்து வைத்தால் இந்த 12 நாளும் அது உடையும். உடைந்த பழக்கம் மிச்ச 18 நாளிலும் திரும்பாது. செபத்தை மணியோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரலுக்குத் துணி சுற்றுகிறோமே, அந்த நேரம் போதும். பத்து விரல், பத்து அருள்நிறை மரியே. வலது கைக்குச் சுற்றும்போது இடது கை தடுமாறும், அந்த அஞ்சும் மெதுவாகவே போகும். அதுவும் நல்லதுதான்.

பெப்சி பாசி என்று சொல்கிற கப்பாபைகஸ் கடல்பாசியை வளர்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப் பாசி, 45 நாளில் அறுவடை. நாளுக்கு ஒன்றாக 45 மிதவை போட்டால் 46-ஆம் நாளிலிருந்து தினமும் ஒன்று அறுக்கலாம் என்று பயிற்சியில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஞாயிறு ஓய்வே இருக்காது. வியாழக்கிழமை போட்ட மிதவைக்கு 45-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும். அதைச் சனிக்கிழமை 44-இல் அறுத்துவிடுங்கள். திங்களுக்குத் தள்ளலாம்தான், ஆனால் முற்றி எடை கூடின கொத்து அலையில் ஒடியும். ஞாயிறு புது மிதவையும் போட வேண்டாம்.

வடகடல் விசைப்படகு:
வியாழன் கணக்கு சரியாத்தான் இருக்கு அக்கா. இது யாருக்கும் தோணலையே.

உப்புக்காற்று:
ஒரு மறுப்பு. இப்படி நிமிஷத்தை எல்லாம் பிழிந்து எடுக்கத்தான் வேண்டுமா? மாற்கு 4:38-இல் ஆண்டவர் புயலிலேயே படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். 6:31-இல் சீடர்களைச் சற்று ஓய்வெடுக்கக் கூப்பிடுகிறார். கடல் போய் வந்தவனுக்கு ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள். நேரத்தைத் தின்பது போன்தான். டோக்கனுக்கு நிற்கும்போது எடுத்தால் ஏலம் முடியும்வரை கீழே வைப்பதில்லை.

மேஸ்திரி:
தூக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை தம்பி. லூக்கா 5-இல் ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வலை அலசிக்கொண்டிருந்தவன் படகில்தான் அவர் ஏறி உட்காருகிறார். அலசும் வேலையை விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அதைத்தான் சொல்கிறோம்.

தென்கடல்:
புயல் எச்சரிக்கை நாளைப் பற்றி யாரும் எழுதவில்லையே? ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் கூண்டு ஏற்றினால் டோக்கன் கிடையாது. எத்தனை நாள் என்றும் தெரியாது. அதனால்தான் அந்த நாட்கள் சீட்டாட்டத்தில் போகின்றன.

பாசிக்கரை:
அதற்கு முன்னாடியே ஒரு காகிதத்தில் வேலை எழுதி வீட்டுக் கதவில் ஒட்டணும். பெரிய வேலை கூடாது, அரை நாளில் முடிகிறதாக இருக்கணும். கிழிந்த வலையில் ஒரு பக்கம், மழை விட்டால் வங்கிப் புத்தகம் பதிவு, பிள்ளையோட மறைக்கல்விப் பாடம், படுக்கையில் கிடக்கிற ஒருத்தர் வீடு. நோயாளி வீட்டில் 20 நிமிஷம் போதும். மதியம் போகக் கூடாது, அவர்கள் கண் அசருகிற நேரம். காலை 10-லிருந்து 11-க்குள் போங்க. போகும்போது பிஸ்கட்டை விட, ரேஷன் கடையிலோ மருந்துக் கடையிலோ என்ன வாங்கணும் என்று முந்தின நாளே போனில் கேட்டு வாங்கிட்டுப் போறது உபயோகமாயிருக்கும். புயல் நாளில் அந்த வீட்டில் கடைக்குப் போக ஆள் இருக்காது.