மறு: ‘பிரிக்’ ஆன பிஎஸ்பிக்குத் தமிழில் என்ன பெயர்?

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பிஎஸ்பி என்னும் சோனியின் கையடக்க கேம் கருவியில் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையதற்குப் பதில் ஆர்வலர்கள் மாற்றியமைத்த நிலைபொருள்) போட்டவர்களுக்காக நாம் எழுதும் பழுதுநீக்கக் கையேடு ‘பிரிக்’ என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. உள்ளிருக்கும் மென்பொருள் கெட்டு, கருவி செங்கல்போல் சும்மா கிடப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். இதுவரை வந்த பரிந்துரைகள்: செங்கலாதல், முடக்கம், உயிரிழப்பு. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

> ஆங்கிலத்தில் செங்கல் என்கிறார்கள், நாமும் அதையே சொன்னால் என்ன?

சொல்லலாம். ஆனால் காளவாய் போடும் ஊரில், பச்சைக்கல் செங்கல் ஆனால் உருப்படி தேறிவிட்டது என்று அர்த்தம். வீணாய்ப்போனதற்கு அந்தப் பெயர் ஒட்டாது.

‘முடக்கம்’ என்பதை ஆட்டத்தின் நடுவே திரை உறைந்து நிற்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘உயிரிழப்பு’ இன்னும் மோசம். கடைக்காரர்கள் ‘போர்டு டெட்’ என்று சொல்வது கரண்டே ஏறாத பலகையை. நம் பிஎஸ்பியில் பச்சை விளக்கு எரிகிறது, படம்தான் வரவில்லை.

இங்கே பழைய கேம் கருவி பார்க்கிற கடைகளில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “லைட் வருது, டிஸ்ப்ளே இல்ல.” “லோகோல நிக்குது.” “மெனு வருது, கேம் போகல.” பழுதுக்கு அவர்கள் பெயர் வைப்பதில்லை, எந்த இடத்தில் நின்றது என்பதைச் சொல்கிறார்கள். பழுது பார்ப்பவருக்கு வேண்டியதும் அதுதான். ‘பிரிக்’ என்ற ஒரே சொல் அந்த இடத்தை மறைத்துவிடுகிறது.

பவர் விசையைத் தள்ளியதும் முதலில் ஓடுவது சில்லுக்குள்ளேயே பதித்த சிறு நிரல். அதை யாராலும் அழிக்க முடியாது. அது நாண்ட் நினைவகத்திலிருந்து ஐபிஎல் என்னும் ஏற்றியை எடுத்து ஓட்டும். (கிரிக்கெட் இல்லை!) நாண்டின் அளவு பிஎஸ்பியின் முதல் வடிவமான 1000 மாடலில் 32 எம்பி, அடுத்து வந்த 2000 மாடலில் 64 எம்பி. ஐபிஎல் அடுத்து ஃபிளாஷ்0 பகுதியிலுள்ள நிலைபொருளை ஏற்றும். ஃபிளாஷ்1-இல் நம் அமைப்புகள் இருக்கும். கடைசியாக மெனு வரும். கஸ்டம் ஃபர்ம்வேர் இருந்தால் மெமரி ஸ்டிக் என்னும் நினைவக அட்டையிலுள்ள பிளக்இன்களும் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள்) சேர்ந்துகொள்ளும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வேதாரண்யம் பக்கம் போய்ச் சேர்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே என் பரிந்துரை:

பிரிக் – மடையடைப்பு
ஐபிஎல் அல்லது ஃபிளாஷ்0 கெட்டு மெனுவரை எட்டாதது – தலைமடை அடைப்பு
அமைப்போ பிளக்இன்னோ குழம்பியது – கடைமடை அடைப்பு
மீட்பது – மடைதிறப்பு

> வட்டாரச் சொல்லாக இருக்கிறதே, மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

‘மடைதிறந்த வெள்ளம்’ என்பது எல்லா ஊர்த் தமிழிலும் உண்டு. ‘கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை’ என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. புரியும்.

---

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

தம்பி, நிலை நிலையாகப் பிரித்தது சரி. தலைமடை, கடைமடை இரண்டும் இருக்கட்டும். ‘அடைப்பு’தான் உதைக்கிறது.

மடையை அடைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் மண்வெட்டியால் நாலு வெட்டு மண் எடுத்துப் போட்டு அடைப்போம். வேண்டும் என்றால் வெட்டிவிடுவோம். மடையடைப்பு என்றால் யாரோ வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்று ஆகிவிடும். இங்கே நடந்தது அதுவா? நிலைபொருள் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் போய், பாதி பழசும் பாதி புதுசுமாகக் கிடக்கிறது. அதற்குப் பெயர் தூர்ந்துபோவது. வண்டலும் வெங்காயத்தாமரையும் சேர்ந்து வாய்க்கால் இருக்கிற இடமே தெரியாமல் போகும் பாருங்கள், அது.

சரிசெய்வதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. தூர்வாருதல். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்கள் என்றால் அதற்கு முன்னால் ஊரெல்லாம் அந்தப் பேச்சுதானே?

இன்னொன்று. 3000 மாடலில் கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டவர்கள் பலர், பேட்டரி சுத்தமாக இறங்கி மறுபடி போட்டால் “எல்லாம் போச்சு” என்று பதறுகிறார்கள். நிரந்தரமாகப் பதிக்காவிட்டால் அது ரேமில் மட்டும்தான் இருக்கும், முழுதாக அணைந்தால் போய்விடும். அதை ஏற்றும் நிரலை மறுபடி ஒருமுறை ஓட்டினால் வந்துவிடும். அதைத் தூர்ந்ததில் சேர்க்காதீர்கள், கையேட்டில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

---

கும்பகோணத்திலிருந்து:

அண்ணே, ‘தூர்தல்’ நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். வினையாகவும் வளைகிறது: கருவி தூர்ந்துவிட்டது, தூர்ந்த பிஎஸ்பி, தூர்வாரினேன். ‘மடையடைப்பு’ இப்படி வளையாது. 3000 மாடல் விஷயத்தை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

கையேட்டில் வைத்தால் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்:

“நீலத் திரையில் பல மொழிகளில் அமைப்புத் தகவல் கெட்டுவிட்டது என்று வந்தால் அது கடைமடைத் தூர்வு. வட்டப் பொத்தானை அழுத்தினால் ஃபிளாஷ்1 பழைய நிலைக்குத் திரும்பும். லோகோவில் நின்றாலும் முதலில் கடைமடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். மெமரி ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். மெனு வந்தால் தூர்ந்தது பிளக்இன்தான். கஸ்டம் ஃபர்ம்வேர் இருந்தால் வலது தோள்பொத்தானைப் பிடித்தபடி பவர் போட்டு, மீட்புப் பட்டியலுக்குள் போய், பிளக்இன்களை நிறுத்துங்கள்.

பச்சை விளக்கு எரிந்து, திரை கறுப்பாகவே இருந்து, சற்று நேரத்தில் தானே அணைந்தால் தலைமடைத் தூர்வாக இருக்கலாம். இதற்கு மீட்புப் பட்டியல் உதவாது, அந்தப் பட்டியலே அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. 1000 மாடலிலும் 2000 மாடலின் முந்தைய பலகைகளிலும் பண்டோரா பேட்டரியால் தூர்வாரலாம். பேட்டரிக்குள் இருக்கும் வரிசை எண்ணை முழுக்க எஃப் (F) என்று மாற்றி எழுதினால், சில்லிலுள்ள நிரல் நாண்டை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து ஐபிஎல்லை எடுக்கும். அந்தப் பேட்டரியைச் செருகியதுமே கருவி தானே எழுந்துகொள்ளும். 2000-இன் கடைசிப் பலகைகளிலும் 3000-இலும் இந்தப் பழைய வழி எடுபடாது.”

படிக்கத் தடை இல்லை என்று நினைக்கிறேன். ‘பிரிக்’ என்று மொட்டையாக வரும் இடங்களில் ‘தூர்தல்’ மட்டும் போதும். வகை தெரிந்த இடத்தில் தலைமடை, கடைமடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே சந்தேகம், தேவையற்ற கோப்புகளை நீக்குவதற்கும் ‘தூர்வாருதல்’ என்று யாராவது எழுதிவிடுவார்களோ? அதற்குத் ‘துப்புரவு’ இருக்கிறது. சொல்பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் குழப்பம் வராது.

---

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எனக்குச் சம்மதம். தலைமடைப் பத்திக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: அலுவல்முறைப் புதுப்பிப்பு, சார்ஜர் செருகியிருந்து பேட்டரியும் போதுமான அளவு ஏறியிருந்தால்தான் தொடங்கும். பேட்டரி உப்பிவிட்டது என்று கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சார்ஜரில் வேறு வழியாக நிலைபொருள் எழுத முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அது வேண்டாம்.

நாண்டை முன்கூட்டியே படியெடுத்து வைப்பதற்கு என்ன சொல்? ‘காப்புநகல்’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுவே போதும், மற்றவர்கள் சொல்லட்டும்.