மொரோசோவா ஓவியத்தில் எவ்வளவு நிஜம்?

கரித்துண்டு:
வாரப் பத்திரிகைகளுக்குச் சரித்திரக் கதைப் படம் வரைகிறவன் நான். வாளின் வளைவு தப்பினாலே வாசகர் கடிதம் வந்துவிடும். அந்தப் பயத்தோடு, ரஷ்ய ஓவியர் வசீலி சூரிகோவ் 1887-ல் முடித்த 'பயாரினா மொரோசோவா' ஓவியத்தை மூன்று நாளாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிலுவைக் குறியை மூன்று விரலால் போடு என்ற திருச்சபைக்கு அடங்காத பிரபு குலத்துப் பெண் மொரோசோவா, சங்கிலியோடு சறுக்குவண்டியில் போகிறாள். பழைய நெறிப்படி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். வலது ஓரத்தில் கந்தல் சட்டைக்காரன் ஒருவன் வெறுங்காலோடு பனியில் உட்கார்ந்து, பதிலுக்கு அதே இரண்டு விரலைக் காட்டுகிறான். அந்தக் கால் கற்பனையா? மொத்தத்தில் இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

ஏட்டுச்சுரைக்காய்:
நம்ப வேண்டாம். 1671-ல் கைதானபோது அவளுக்கு வயது 39தான். படத்தில் கிழவி மாதிரி இருக்கிறாள். அவள் விரலைத் தூக்கியது மாஸ்கோவின் கிரெம்ளின் கோட்டைக்குள், சூடோவ் மடத்தைத் தாண்டும்போது; ஜார் மன்னர் பார்க்கிறார் என்று நினைத்து. படத்திலோ ஏதோ ஒரு தெரு.

பனிக்கால்:
தெரு விஷயம் சரிதான். பின்னால் தெரியும் கோயில்கூட, தன் காலத்து மாஸ்கோவில் தல்கருகோவ்ஸ்கயா தெருவில் பார்த்ததுதான் என்று சூரிகோவே சொல்லியிருக்கிறார். ஆனால் கால் கற்பனை இல்லை. சந்தையில் வெள்ளரிக்காய் விற்ற ஒரு குடிகாரரைப் பிடித்துவந்து, ஒற்றைச் சட்டையோடு பனியில் உட்காரவைத்தார். காலுக்கு வோட்கா தேய்த்துவிட்டார். கூலி 3 ரூபிள். அதை வாங்கியதும் மனுஷன் செய்த முதல் காரியம், 1 ரூபிள் 75 கோப்பெக்குக்கு ஜோரான குதிரைவண்டி பிடித்ததுதான்!

வண்டித் தடத்தையும் பாருங்கள். புதுப்பனி விழுந்ததும் முற்றத்தில் சறுக்குவண்டியை ஓட்டச் சொல்லி, பனி சரிந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். வெறும் வெள்ளை இல்லை அது. நீலமும் ஊதாவும் கலந்து கிடக்கிறது. மொரோசோவாவின் முகமும் அப்படித்தான். முதலில் கூட்டத்தை வரைந்துவிட்டார். எந்த முகத்தை வைத்தாலும் கூட்டம் அதை விழுங்கிவிட்டது. அப்புறம் யூரல் மலைப் பக்கத்திலிருந்து வந்த, அதே பழைய நெறியைச் சேர்ந்த ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்தில் வரைந்து அங்கே பொருத்தினார். வயது போனால் போகட்டும், விரதம் இருந்து காய்ந்த முகம் கிடைத்ததே.

ஏட்டுச்சுரைக்காய்:
அப்படியானால் அது 1880-களின் மாஸ்கோப் பனி, 1671-ன் பனி இல்லை.

பனிக்கால்:
பனிக்கு ஏது ஐயா நூற்றாண்டு! கரித்துண்டு, இன்னொன்று: வண்டி நகரவே மாட்டேன் என்றதாம். படத்தின் சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே சரியான தூரம் கிடைக்கும்வரை கித்தானில் துண்டு தைத்துத் தைத்து நீட்டினார்.

கரித்துண்டு:
இப்போதுதான் திரையில் கீழ்ப்பக்கப் பனியை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். வண்டி நின்றுவிட்டது. கையை எடுத்தேன், போகிறது.