இரண்டு லாகின்

1998-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போனேன். பெயர் வேண்டாமே. அங்கே எங்கள் துறையில் மாணவர்களே பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பாட மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் வீட்டுப்பாடம் ஏற்றலாம், மதிப்பெண் போடலாம், பாடக்குறிப்பை இறக்கிக்கொள்ளலாம். நான் காலையில் ஒரு வகுப்பில் மாணவன், மாலையில் முதலாண்டுப் பிள்ளைகளின் விடைகளைத் திருத்தும் உதவியாளன். அதனால் எனக்கு இரண்டு கணக்கு, இரண்டு லாகின், இரண்டு கடவுச்சொல். மாணவன் கணக்கில் நுழைந்துவிட்டு மதிப்பெண் போடும் பக்கத்தைத் தேடித்தேடி அலைந்திருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே கணினிப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்த மென்பொருளும் என் தலையிலேயே விழுந்தது.

2006 ஜூலை கடைசியில் ஒரு நாள் மேலாளர் என் மேஜைக்கு வந்து, "நாம் இதை நிறுத்த வேண்டியிருக்குமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் செய்தியைப் படித்தேன். வாஷிங்டனைச் சேர்ந்த பிளாக்போர்டு நிறுவனத்துக்கு இணையவழிக் கல்வி மென்பொருளுக்கான காப்புரிமை, எண் 6,988,138, அந்த ஜனவரியிலேயே கிடைத்திருக்கிறது. ஜூலை 26 அன்று அதை அறிவித்து, கையோடு கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த போட்டிக் கம்பெனி டிசயர்டுலேர்ன் மீது வழக்கும் போட்டுவிட்டார்கள். வழக்கு நடந்த இடம் கிழக்கு டெக்சாஸில் லஃப்கின் என்ற சின்ன ஊர். இரண்டு கம்பெனிக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் காப்புரிமை வழக்கு என்றாலே வண்டி அந்தப் பக்கம்தான் போகும்.

காப்புரிமையில் 44 உரிமைக்கோரல்கள், அதாவது இன்னின்னது எங்களுக்கே சொந்தம் என்று வரிசையாக எழுதிய வாசகங்கள். அச்செடுத்து உட்கார்ந்து படித்தேன். வக்கீல் ஆங்கிலத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இதுதான்: ஒரே ஆள் ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொரு பாடத்தில் ஆசிரியராகவும் இருக்கலாம், அந்தந்தப் பொறுப்புக்கு ஏற்ப அந்தந்தக் கோப்புகளைத் திறக்கலாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டு வருடமாக நான் பிழைத்த பிழைப்பே அதுதானே!

எங்கள் பல்கலைக்கழக வக்கீல் அம்மாள் பழைய ஆதாரம் இருந்தால் எடுத்து வைக்கச் சொன்னார். காப்புரிமைக்கு முதலில் விண்ணப்பித்தது 1999 ஜூனில். அதற்கு முன்பே அதே சங்கதி புழக்கத்தில் இருந்ததென்று காட்டினால் காப்புரிமை நிற்காது. உலகம் முழுக்க ஆட்கள் அப்போது இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். மெய்நிகர் வகுப்பறைகளின் வரலாறு என்று விக்கிப்பீடியாவில் ஒரு பக்கமே முளைத்து, 1960-களின் பிளாட்டோ என்ற கணினிவழிப் பாட அமைப்பு வரை பின்னோக்கி நீண்டது. நானும் அடித்தளத்தில் தூசி தட்டி, பழைய டேப்களையும் 1998-ன் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "ஒரே லாகினிலா இரண்டு பொறுப்பும்?"

"இல்லை, இரண்டு லாகின்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். பிளாக்போர்டின் வாதமே ஒற்றை லாகின்தானாம். இரண்டு லாகின் இருந்தால் அது வேறு சங்கதி, பெரிதாக உதவாது என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கே இரண்டு கணக்கையும் இணைத்து எழுதியிருக்கலாமே என்று பல நாள் நொந்துகொண்டேன். நேரமில்லை என்பது ஒரு பாதி. சோம்பேறித்தனம் மறு பாதி.

2007 பிப்ரவரியில் கொஞ்சம் மூச்சு வந்தது. மூடில், சக்காய் போன்ற திறமூல மென்பொருள்கள் மீதும் கல்லூரிகள் தாமே எழுதிக்கொண்டவை மீதும் காப்புரிமையைப் பாய்ச்ச மாட்டோம் என்று பிளாக்போர்டு உறுதிமொழி கொடுத்தது. மேலாளர் அன்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ஆனால் விற்பனைக்கு வரும் போட்டி மென்பொருளுக்கு அந்த உறுதிமொழி கிடையாது. அதனால் பிறகு எந்தக் கம்பெனியோடு பேசினாலும், காப்புரிமை வழக்கு வந்தால் செலவு யார் தலையில் என்ற வரியை எங்கள் கொள்முதல் பிரிவு ஒப்பந்தத்தில் சேர்க்க ஆரம்பித்தது. அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் இழுபறி நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே 1 முதல் 35 வரையான கோரல்கள் தெளிவில்லை என்று விழுந்துவிட்டன. மிஞ்சியதில் 36, 37, 38 மட்டும் ஜூரியின் முன்னால் போயின. 2008 பிப்ரவரியில் ஜூரி பிளாக்போர்டு பக்கம் சாய்ந்தது. இழப்பீடு சுமார் 31 லட்சம் டாலர். அடுத்த மாதமே வேடிக்கை: மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 44 கோரல்களையும் முதற்கட்டமாக நிராகரித்தது. ஒரே நாட்டில் ஒரு கை காசு கொடுக்கச் சொல்கிறது, இன்னொரு கை காகிதத்தையே செல்லாது என்கிறது. டிசயர்டுலேர்னோ தன் மென்பொருளை மாற்றி எழுதி 8.3 என்று புதுப் பதிப்பு கொண்டுவந்தது.

2009 ஜூலை 27 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. நான் நேராக அந்த இடத்துக்குத் தாவினேன். ஒற்றை லாகின், ஒற்றை லாகின் என்று பிளாக்போர்டு வாதாடினாலும், 36-ஆம் கோரலில் அப்படி ஒரு நிபந்தனையே எழுதப்படவில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எழுதாததை உள்ளே இருப்பதாகப் படிக்க முடியாது. அப்படியானால் ஒருவருக்கு இரண்டு லாகின் வைத்து இரண்டு பொறுப்பு கொடுத்த பழைய மென்பொருள்களே போதும், மூன்று கோரல்களும் செல்லாது. அவர்கள் எடுத்துக்கொண்ட பழைய மென்பொருள்களில் ஒன்று செர்ஃப். இன்னொன்று கோர்ஸ்இன்ஃபோ. அந்தக் கோர்ஸ்இன்ஃபோ 1998-ல் பிளாக்போர்டோடு இணைந்த கம்பெனியின் சரக்கு! சொந்தப் பாட்டனே சாட்சிக் கூண்டில் ஏறினமாதிரி ஆயிற்று.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, வக்கீல் அம்மாளின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். மாலையில் ஒற்றை வரி மின்னஞ்சல்: "உங்கள் நோட்டைத் திருப்பித் தரவில்லை, என்னிடம்தான் இருக்கிறது."

டிசம்பரில் இரண்டு கம்பெனிகளும் மீதி வழக்குகளையும் முடித்துச் சமாதானமாகிவிட்டன. எங்கள் பெர்ல் மென்பொருளை 2010 கோடையில் அணைத்தோம். அணைப்பதற்கு முன், பழைய பழக்கமாக மாணவன் கணக்கில் ஒருமுறை, உதவியாளன் கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டாவது கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. நோட்டைத் திரும்ப வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் நுழைந்தேன்.