செரடோனின் கூடினால் எலும்பு பலமாகுமா?

கணுக்கால்:
"மகிழ்ச்சி ஹார்மோன் செரடோனின் கூடினால் எலும்பும் பலமாகும், சிரித்துக்கொண்டே இருங்கள்" என்று பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் அருளியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. உடம்பிலுள்ள செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. அது மூளைக்குள் நுழையவே முடியாது. ரத்தத்தில் சுற்றும் அந்தச் செரடோனின் எலும்பு கட்டும் செல்களைப் பெருகவிடாமல் தடுக்கிறது என்று 2008-லேயே கார்சென்டி என்ற ஆய்வாளரின் குழு 'செல்' அறிவியல் இதழில் எழுதிவிட்டது. எலும்புக்கு எதிரி சார் அது!

இளவேனில்:
புண்ணியவான் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அதே கார்சென்டி குழு 2009-ல் எழுதியது உங்கள் கண்ணில் படவில்லையா? மூளையில் உருவாகும் செரடோனின், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி வழியாக, உடலைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகளை அடக்கி எலும்பைக் கூட்டுகிறது. நான் சொன்னது அதைத்தான்.

கணுக்கால்:
உங்கள் பதிவில் 'மூளை' எந்த வரியில் இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

சந்தேகசாமி:
2008 கதையை இன்னுமா ஓட்டுகிறீர்கள்? 2011-ல் வார்மன், ராப்ளிங் குழுவினர் 'நேச்சர் மெடிசின்' இதழில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்களே. குடல் செரடோனினைக் கட்டுப்படுத்துவதாக 2008 ஆய்வு சொன்ன எல்ஆர்பி5 மரபணுவைச் சுண்டெலியின் குடலில் மாற்றினார்கள், எலும்பு அசையவில்லை. எலும்புச் செல்லில் மாற்றினார்கள், அடர்த்தி ஏறியது. ரத்தச் செரடோனினுக்கும் எலும்புக்கும் தொடர்பே தென்படவில்லை.

கணுக்கால்:
வந்துவிட்டார். 2010-ஐ மட்டும் லாவகமாகத் தாண்டுகிறார் பாருங்கள். குடல் செரடோனின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை, எலும்பு தேயும்படி சூலகம் அகற்றிய எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். புது எலும்பு உருவானது. இதற்கு என்ன பதில்?

சந்தேகசாமி:
அதுவும் அதே குழுவின் ஆய்வு. என் பதில் 2011.

கணுக்கால்:
நான் கேட்டது 2010.

மௌனி:
ஒரு சின்னக் கேள்வி. ரத்தச் செரடோனினில் பெரும்பங்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்குள் அடைந்து கிடக்கிறது. நீங்கள் எல்லோரும் பேசுவது அதையா, வெளியே ரத்தத்தின் திரவமான பிளாஸ்மாவில் மிதக்கும் கொஞ்சத்தையா? இதை முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

கணுக்கால்:
2010 எலிகளுக்குப் பதில் வரட்டும், மற்றதெல்லாம் பிறகு.

இளவேனில்:
கால்சியம் இழையிலும் இவர் இப்படித்தான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

கணுக்கால்:
கால்சியம் இழையில் தன் பதிவுகளை அழித்துவிட்டு ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இளவேனில்:
அழித்தது நானில்லை, மட்டுறுத்துநர்! அதுவும் உங்கள் புகாரால்!

தூரத்துநிலா:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை (செரடோனினைச் செல்கள் மறுபடி உறிஞ்சாமல் தடுப்பது) சாப்பிடுகிறேன். அது எலும்பைக் கரைக்குமா?

கணுக்கால்:
இதோ, என் கட்சிக்குச் சாட்சி! 2007-ல் கனடாவில் வந்த ஆய்வில், தினமும் அந்த மாத்திரை சாப்பிட்ட 50 வயதைக் கடந்தவர்களுக்கு எலும்பு முறிவு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சந்தேகசாமி:
பயமுறுத்தாதீர்கள். மனச்சோர்வே எலும்பைப் பாதிக்கலாம். அந்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் தடுமாறி விழுவதும் அதிகம். மாத்திரைதான் குற்றவாளி என்று அந்த ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. தூரத்துநிலா, நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் எலும்பு அடர்த்தியைப் பார்ப்பார்.

கணுக்கால்:
நிறுத்தச் சொன்னது யார்? நான் சொல்லாததை என் வாயில் திணிப்பது இவருக்குப் பழக்கம். சரி, இப்போதாவது 2010?

சந்தேகசாமி:
2011-ஐ முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். சுருக்கத்தை மட்டும் படித்தால் இப்படித்தான்.

கணுக்கால்:
நீங்கள் கடைக்கோடி அட்டவணை வரை படித்த மேதை, தெரியாதா. எலிக்குப் புது எலும்பு உருவானதா இல்லையா? ஆம், இல்லை, அவ்வளவுதான்.

மௌனி:
தட்டணுவா, பிளாஸ்மாவா?

இளவேனில்:
மௌனி, விடுங்கள். இவருக்கு எலி கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் 2009-க்கே பதில் வரவில்லை.

கணுக்கால்:
'மூளை' எந்த வரியில் என்று நீங்கள் காட்டியதும் வரும்.