ஜெர்மனில படிக்க வந்தவங்க கவனத்துக்கு: அந்த என்ரோல்மென்ட் பேப்பர விட்றாதீங்க

அக்டோபர் செமஸ்டருக்கு வந்து இறங்கியிருக்கற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன், ஏன்னா ரெண்டு வாரமா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான், "அண்ணா அட்மிஷன் லெட்டர் கைல இருக்கே, அது போதாதா"ன்னு. போதாதுப்பா. ஊர்ல விசாவுக்கு காட்டினீங்களே அந்த லெட்டர், அது உங்களுக்கு சீட் இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. அதுல போட்டிருக்கற தேதிக்குள்ள என்ரோல் பண்ணி, செமஸ்டர் ஃபீஸ் கட்டி, அப்புறம் யுனிவர்சிட்டி போர்ட்டல்ல இருந்து இறக்கற பேப்பர்தான் நீங்க ஸ்டூடண்ட்ங்கறதுக்கு ஆதாரம். அதோட பேரு இம்மாட்ரிகுலாட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் (வாய்ல நுழையறதுக்கே ஒரு செமஸ்டர் ஆகும், நாங்க இம்மா பேப்பர்னு சொல்லிக்குவோம்). ரெசிடென்ஸ் கார்டுக்கு (இங்க தங்கறதுக்கான அனுமதி) அதக் கேப்பாங்க, பார்ட் டைம் வேலைக்கும் அதையேதான் கேப்பாங்க.

என்ரோல்மென்ட்ல நம்ம பசங்க அதிகமா மாட்டறது ஹெல்த் இன்சூரன்ஸ்ல. இன்சூரன்ஸ் கார்ட ஸ்கேன் பண்ணி யுனிவர்சிட்டிக்கு மெயில் அனுப்பிட்டு முடிஞ்சுதுன்னு உக்காந்துக்கறாங்க. அப்படி இல்ல, அரசு இன்சூரன்ஸ் கம்பெனி நேரா யுனிவர்சிட்டிக்கு ஆன்லைன்ல ஒரு தகவல் அனுப்பணும், அதுக்கு எம்10-னு பேரு. நீங்க பண்ண வேண்டியது கம்பெனிக்கிட்ட கேட்டு அனுப்ப வெக்கறது மட்டும்தான். பிரைவேட் இன்சூரன்ஸ் எடுத்தவங்களுக்கும் இது வேணும், அவங்களும் ஒரு அரசு கம்பெனிக்கிட்ட போய்தான் வாங்கணும். பேர மட்டும் நல்லா பாருங்க, போன வருஷம் ஒரு தங்கச்சிக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, இன்சூரன்ஸ்ல அப்பா பேர சர்நேமா போட்டுட்டாங்க, யுனிவர்சிட்டில ரெண்டும் வேற வேற ஆளா தெரிஞ்சு பத்து நாள் போன்ல அலைஞ்சா. அப்புறம் மாசாமாசம் பிரீமியம் கட்டாம விட்டாலும் கம்பெனி யுனிவர்சிட்டிக்கு சொல்லிடும், அடுத்த செமஸ்டருக்கு புதுப்பிக்க விடமாட்டாங்க.

சரி, புதுப்பிக்கறது. இதுதான் முக்கியம். அந்த பேப்பருக்கு ஆயுசு ஆறே மாசம். யுனிவர்சிட்டிகள்ல வின்டர் செமஸ்டர் அக்டோபர் 1-ல இருந்து மார்ச் 31, சம்மர் ஏப்ரல் 1-ல இருந்து செப்டம்பர் 30, அப்ளைடு சயின்ஸ் காலேஜ்னா பெரும்பாலும் ஒரு மாசம் முன்னாடியே தொடங்கிடும். ஒவ்வொரு தடவையும் அடுத்த செமஸ்டருக்கு ரூக்மெல்டுங் பண்ணணும், அதாவது நான் தொடர்ந்து படிக்கறேன்னு சொல்லணும். பல இடத்துல இதுக்கு ஃபார்ம் எல்லாம் கிடையாது, குறிச்ச தேதிக்குள்ள முழு ஃபீஸும் உங்க மாட்ரிகெல் நம்பரோட (ஸ்டூடண்ட் நம்பர்) அவங்க அக்கவுண்ட்ல ஏறணும், அவ்வளவுதான். கேக்க ஈஸியாத்தான் இருக்கு.

நான் மாட்டினேன். ரெண்டாவது செமஸ்டர் முடியற சமயம், பேங்க் ஆப்ல போன தடவை அனுப்பின டிரான்ஸ்ஃபர அப்படியே திரும்ப அழுத்தி விட்டேன். இடைல ஃபீஸ் கூடியிருக்கு, நான் அனுப்பினதுல 11 யூரோ சொச்சம் குறைவு. அவங்களுக்கு குறைஞ்சா குறைஞ்சதுதான், பாதி ரிஜிஸ்டர்னு ஒண்ணு கிடையாது. அதுக்கு நடுவுல நான் வீடு மாறி இங்க நகராட்சி ஆபீஸ்ல அட்ரஸ் மாத்தினேனே தவிர யுனிவர்சிட்டி போர்ட்டல்ல மாத்தல. எச்சரிக்கை லெட்டர் பழைய வீட்டுக்கு போயிருக்கு, அங்க இருந்த பையன் அத கிச்சன்ல பீட்சா கூப்பனோட சேத்து அடுக்கி வெச்சிருக்கான். குக்கர் எடுக்கப் போனப்பதான் பாத்தேன், இன்னும் நாலு நாள்ல காசு வரலன்னா பேர எடுத்துடுவோம்னு எழுதியிருக்கு. அன்னிக்கே மீதிய லேட் ஃபீஸோட கட்டி, மறுநாள் ரசீத எடுத்துட்டு கவுண்டர் திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். தப்பிச்சேன். பேர எடுத்திருந்தா ரெசிடென்ஸ் கார்டுல தேதி பாக்கி இருந்தும் பிரயோஜனம் இல்ல, அந்த கார்டே படிக்கறதுக்காக குடுத்ததுதானே.

கார்டு பத்தி சுருக்கமா சொல்றேன். ஊர்ல ஒட்டின விசா முடியறதுக்கு முன்னாடியே ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல அப்ளிகேஷன் போட்டுடணும், அப்பாயின்ட்மென்ட் மூணு மாசம் கழிச்சு கிடைச்சாலும் பரவால்ல, போட்ட தேதிதான் கணக்கு. புது செமஸ்டர் இம்மா பேப்பர், வீட்டு அட்ரஸ் பதிஞ்ச பேப்பர், இன்சூரன்ஸ், செலவுக்கு பணம் இருக்குங்கறதுக்கு ஆதாரம், இதெல்லாம் கேப்பாங்க. பணம்னா 2024 செப்டம்பர்ல இருந்து மாசம் 992 யூரோ, வருஷத்துக்கு 11,904. கார்டு வர லேட்டானா நடுவுல ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு பேப்பர் தருவாங்க, அத வெச்சுக்கிட்டு பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி உள்ள எந்தக் கட்டத்துல டிக் இருக்குன்னு பாருங்க, ரெசிடென்ஸ் சட்டத்தோட 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவுல இருந்தா போய்ட்டு வரலாம், 3-ல இருந்தா திரும்பி உள்ள வர்றதுக்கு அது உதவாது.

கார்ட நீட்டிக்கறப்ப மார்க் ஷீட்டும் கேப்பாங்க, நாலு செமஸ்டர் ஓடியும் கிரெடிட் ஏறலன்னா ஏன்னு பதில் சொல்ற மாதிரி வரும், தீசிஸ் இழுத்தா கைடுகிட்ட எப்ப முடியும்னு ஒரு லெட்டர் வாங்கிக்குங்க. செமஸ்டர் செமஸ்டருக்கு பேப்பர இறக்கி ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, படிப்பு முடிஞ்சதும் போர்ட்டல் லாகின் போயிடும்.

அப்புறம் லெட்டர்பாக்ஸ். இங்க கதவு நம்பர் பாத்து லெட்டர் போடமாட்டாங்க, பெட்டில பேரு இருந்தாதான் போடுவாங்க, இல்லன்னா திரும்பிப் போயிடும். வந்த அன்னிக்கே ஒட்டிடுங்க. நான் அப்பா பேரும் என் பேரும் சேத்து பேனால எழுதி ஒட்டினேன், நவம்பர் மழைல என் பேரு கரைஞ்சு அப்பா பேரு மட்டும் நின்னுது, ஒரு மாசம் போஸ்ட்மேன் அதப் பாத்துதான் எனக்கு லெட்டர் போட்டுட்டு போனார்.