கணினியில் பாறை வெடிப்புக்குள் தண்ணீர் ஓடவிட்ட அனுபவங்கள்: திருகோணமலை ஆட்கள் எழுதுங்கள்

உப்புவெளியிலிருந்து:

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நான் முதலில் போனது அம்மம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்கு. ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் வாளியால் அள்ளி ஊற்றினால் ஒன்றில் சூடு கூட, மற்றதில் குறைவு. இராவணன் தாயின் கிரியைக்காகக் குத்தி எடுத்த ஊற்று என்று மாமா சொன்னார். மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது என்று பிறகு படித்தேன். அன்றிலிருந்து எனக்கு வெடிப்புப் பைத்தியம்.

முதுகலை ஆய்வில் அதே வேலை வந்தது. 20 மீட்டர் பாறைக் கட்டிக்குள் 60 வெடிப்பு, அவற்றுக்குள் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு வெடிப்பையும் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடாக வரைந்தேன். அங்கேயே பிழை. நீளத்துக்கும் தடிப்புக்கும் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். கணக்கிட வெடிப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும், அதுதான் மெஷ். தடிப்பளவுக்குச் சதுரம் போட்டால் ஒரு வெடிப்புக்கே ஆயிரம் கோடி சதுரம் வேண்டும். லப்டொப் இரண்டு இரவு உறுமிவிட்டு நின்றுபோனது.

தடிப்பை வரையவே தேவையில்லை. வெடிப்பு வெறும் தளம், தடிப்பு, அதாவது சுவர்களின் இடைவெளி, அதற்குக் கொடுக்கிற ஓர் எண். இடைவெளி இரட்டித்தால் ஓட்டம் 8 மடங்கு என்கிற மும்மடி விதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெஷ் போடும் ஜிமெஷ் (Gmsh) மென்பொருளில் எல்லாத் தளங்களையும் ஒன்றையொன்று வெட்டித் துண்டாக்க வேண்டும். அப்போதுதான் வெட்டுக்கோட்டில் இரண்டு தளமும் ஒரே புள்ளிகளைப் பகிரும். இல்லாவிட்டால் படத்தில் ஒட்டியிருக்கும், கணக்கில் ஒட்டாது.

இதை விடப் பெரிய பிழை ஒன்றும் விட்டேன். சில தளங்கள் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் வெட்டியதால் ஊசி மாதிரி முக்கோணங்கள் வந்து மெஷ் உடைந்தது. 1 மீட்டருக்குக் குறைந்த வெடிப்புகளை எல்லாம் அழித்தேன். மெஷ் அழகாக ஓடியது. வெளியே வந்த நீர் சுழியம்! அழித்ததில் 80 சென்ரிமீட்டர் வெடிப்பு ஒன்றுதான் மேல் கூட்டத்தையும் கீழ் கூட்டத்தையும் இணைத்த பாலம். இப்போது எதையும் அழிக்க முதல், வெடிப்பைப் புள்ளியாகவும் சந்திப்பைக் கோடாகவும் வைத்து, மேலிருந்து கீழே வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மூதூரிலிருந்து:

தம்பி, நான் கணினி ஆளில்லை, குழாய்க்கிணறு அடிக்கிறவன். கருங்கல்லுக்குள்ள போகும்போது தூள் காய்ஞ்சுதான் வரும். திடீரெண்டு ஈரமாகும், துருப் பிடிச்ச மஞ்சள் சில்லு வரும். அப்பதான் வெடிப்பு. எல்லா வெடிப்பும் தண்ணி தராது. ஒருக்கா ஒரு வளவில தண்ணி பீச்சினது, வேலிக்கு அங்கால அடிச்சா ஒரு சொட்டு இல்ல. நீங்க அழிச்ச அந்தச் சின்ன வெடிப்பத்தான் நாங்க காசு கட்டித் தேடுறம்.

நிலாவெளியிலிருந்து:

மூதூர் நானா (அண்ணன்) சொன்னதை வாசித்துவிட்டு என் பழைய கணினி மாதிரியைத் திறந்தேன். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு வெடிப்பு என்றால் இரண்டு நேர்ச் சுவர். பாறைத் துண்டை ஸ்கான் பண்ணிய பிறகுதான் சுவர்கள் எத்தனை இடத்தில் முட்டி நிற்கின்றன என்று கண்டேன். முட்டுகிற இடத்தில் இடைவெளி சுழியம், மெஷ் நசுங்கிவிடும். சமாளிக்க அங்கெல்லாம் 0.1 மில்லிமீட்டர் திறந்துவிட்டேன். மற்ற இடம் 0.2. அதாவது தண்ணீரே போகாத இடத்தில் எட்டில் ஒரு பங்கை ஓடவிட்டேன். முட்டிய இடங்களைத் தீவு மாதிரி வெட்டி எடுத்துவிட்ட பிறகு நீர் சுற்றி வளைந்து போனது, மொத்த ஓட்டமும் இறங்கியது.

கன்னியாவை நினைத்துச் செய்பவர்கள் தண்ணீரின் பாகுத்தன்மையையும் (ஓட்டத்தைத் தடுக்கிற பிசுபிசுப்பு) மாற்றுங்கள். 20 பாகையில் 1.0 மில்லிபஸ்கால் செக்கன், 40 பாகையில் 0.65. அதே வெடிப்பில், அதே அழுத்தத்தில் ஓட்டம் ஒன்றரை மடங்கு.

உப்புவெளியிலிருந்து:

நானா, அடுத்த கிணறு அடிக்கும்போது எத்தனை அடியில் தூள் ஈரமானது, எத்தனை அடியில் மஞ்சள் சில்லு வந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துத் தருவீர்களா? பக்கத்து வளவில் தண்ணீர் வராத கிணற்றின் கணக்கும் எனக்கு வேண்டும். அந்த இரண்டையும் வைத்துத் தளங்களைத் திரும்ப வரைகிறேன்.