பள்ளிக்கூடம் வராத பிள்ளை: பெற்றோர் மேல் வழக்குப் போடலாமா?

வடகொழும்பான்:
இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016இல் ஒழுங்குவிதி வந்தாயிற்று. வேலைக்குச் சேர்க்கும் ஆகக்குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது. இருந்தும் தரம் 8, 9 பிள்ளைகள் கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் பொதி தூக்குகிறார்கள். நாலு பெற்றோரை நீதிமன்றத்தில் ஏற்றினால் மற்றவர்கள் திருந்துவார்கள்.

இடாப்பு:
முதலாளியை ஏன் விட்டுவிட்டீர்கள் அண்ணன்? அவர்மேல் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போகட்டும். தாய்க்குத் தண்டப்பணம் விதித்தால் அதையும் அந்தப் பிள்ளைதான் உழைத்துக் கட்டும்.

வடகொழும்பான்:
சரி, அப்போ என்ன செய்வது? பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்க கிராம சேவகர் பிரிவுக்கொரு வரவுக் குழு என்று காகிதத்தில் இருக்கிறது. கூடினால்தானே!

இடாப்பு:
குழு கூடும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் போன் எடுக்கலாம். ஒரு கிழமை தாண்டினால் அதிபர் எழுத்தில் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்து, கிராம சேவகரோடு வீட்டுக்குப் போக வேண்டும். தாய் வெளிநாட்டிலா, தம்பி தங்கச்சியைப் பார்ப்பது யார், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் சறுக்குவது விலாசத்தில். தோட்டத்து (நெருக்கமான குடிசை வரிசை) வீட்டிலிருந்து தொடர்மாடிக்கு மாறிய குடும்பத்துக்குப் பள்ளிப் பதிவேட்டில், அதாவது இடாப்பில், பழைய விலாசமே கிடக்கும், போன் நம்பரும் மாறியிருக்கும். தவணைக்கு ஒருமுறை இரண்டையும் சரிபார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று: இரண்டு மாதம் விட்ட பிள்ளையை நேரே பழைய வகுப்பில் உட்கார வைத்தால் கணிதம் பிடிபடாது, வெட்கத்தில் திரும்பவும் நின்றுவிடும். மேலதிக வகுப்பு இல்லாத வீட்டு விஜயம் வெறும் நடை.

மட்டக்குளி:
வீட்டு விஜயம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உடம்பில் காயம், துஷ்பிரயோக சந்தேகம் என்றால் முன்னறிவித்துப் போவது குற்றவாளிக்குத் தகவல் கொடுப்பதுதான். உடனே 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.

வடகொழும்பான்:
அப்போ நீதிமன்றம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

இடாப்பு:
பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதவான் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வீட்டிலேயே விடலாம். ஆனால் வழக்கு என்றாலே சனத்துக்குப் பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு எந்த இடாப்பிலும் பிள்ளை இராது.

வடகொழும்பான்:
மூன்று தரம் போயும் கதவு திறக்காத தகப்பனுக்கு?

இடாப்பு:
அவருக்கு அழைப்பாணை. மூன்று தரமும் போன திகதி கோப்பில் இருந்தால் மட்டும்.